ராதாபுரம் 49: ஒரு சான்றொப்பம் சட்டமன்றப் பதவியைத் தீர்மானிக்குமா?

தி.மு.க. அரசியல்வாதி மு. அப்பாவுவின் தேர்தல் கணக்கைத் தேடிப் பார்ப்பவர்கள் ஓரிடத்தில் குழம்பி நிற்கிறார்கள். 1996, 2001, 2006, 2021 ஆகிய நான்கு தேர்தல்களில் ராதாபுரத்தில் வெற்றி. 2016-இல் 49 வாக்கில் தோல்வி. அந்தத் தோல்வியின் மேல் வழக்கு நடந்தது. 2019 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்திலேயே மறு எண்ணிக்கையும் நடந்தது. எண்ணியவர்கள் எண்ணி முடித்தார்கள். முடிவு மட்டும் அறிவிக்கப்படவில்லை. அந்தச் சட்டமன்றத்தின் ஆயுளும் முடிந்து அடுத்த தேர்தல் வந்துவிட்டது.

எண்ணியதை ஏன் சொல்லவில்லை, 203 தபால் வாக்குகள் ஏன் தள்ளப்பட்டன, தலைமையாசிரியர் கையெழுத்து செல்லாதா என்ற கேள்விகள் வள்ளியூர், பணகுடி, திசையன்விளை பக்கம் தேர்தல் பேச்சு எழும்போதெல்லாம் வரும். இவற்றுக்குக் கட்சி சார்ந்த பதில்கள் நிறைய உண்டு. சட்டமும் நடைமுறையும் என்ன சொல்கின்றன என்பதை அடியிலிருந்து பார்க்கலாம். ஒரு சட்டமன்ற உறுப்பினரின் வரலாற்றில் "தோல்வி" என்ற ஒரு வரிக்குப் பின்னால் எவ்வளவு காகிதம் கிடக்கிறது என்பது அப்போதுதான் விளங்கும்.

## தொகுதியும் இரு வேட்பாளர்களும்

திருநெல்வேலி மாவட்டத்தின் தென்கோடியில், கன்னியாகுமரி மாவட்ட எல்லையை ஒட்டி இருக்கிறது ராதாபுரம். தொகுதி எண் 228. மேற்கே வள்ளியூர், பணகுடி. தெற்கிலும் கிழக்கிலும் கூடங்குளம், இடிந்தகரை, உவரி என்று கடற்கரை ஊர்கள். மலையடிவாரமும் தேரிமண்ணும் கடலும் ஒரே தொகுதிக்குள் வருவதால், ஒரு பகுதியில் அடிக்கும் அலை அடுத்த பகுதியில் அடிக்காது. இங்கே வாக்கு வித்தியாசம் சுற்றுக்குச் சுற்று மேலும் கீழும் போவது இயல்பு.

அப்பாவு 1996-இல் தமிழ் மாநில காங்கிரஸ் வேட்பாளராக சைக்கிள் சின்னத்தில் வென்றார். 2001-இல் சுயேச்சை. 2006-இல் தி.மு.க.வின் உதயசூரியன். அடுத்தடுத்து மூன்று தேர்தல், மூன்று வெவ்வேறு சின்னம், ஒரே தொகுதி, மூன்றிலும் வெற்றி. தமிழ்நாட்டில் இது அரிது. கட்சி ஓட்டுக்கு அப்பால் ஊர் ஊராக ஒரு சொந்த ஆதரவு இருந்திருந்தால்தான் இது நடக்கும்.

2011-இல் தி.மு.க. கூட்டணியில் தொகுதி காங்கிரசுக்குப் போனது. அந்த முறை தே.மு.தி.க.வின் மைக்கேல் ராயப்பன் வென்றார். 2016-இல் அப்பாவு மீண்டும் தி.மு.க. வேட்பாளர். எதிரில் அ.தி.மு.க.வின் ஐ.எஸ். இன்பதுரை, தொழிலால் வழக்கறிஞர். மே 16 வாக்குப்பதிவு, மே 19 எண்ணிக்கை. இன்பதுரை 69,590, அப்பாவு 69,541.

## 49 என்பது எவ்வளவு?

இருவரும் சேர்ந்து வாங்கியது 1,39,131 வாக்கு. அதில் 49 என்பது பத்தாயிரத்துக்கு மூன்றரை. அதே தேர்தலில் பக்கத்துத் திருநெல்வேலித் தொகுதியில் தி.மு.க.வின் ஏ.எல்.எஸ். லட்சுமணன் 601 வாக்கில் நயினார் நாகேந்திரனை வென்றார். அதையே நூலிழை என்றார்கள்.

வித்தியாசம் ஐயாயிரம் என்றால் நூறு, இருநூறு தபால் வாக்குகளைத் தள்ளியது சரியா தவறா என்று யாரும் நீதிமன்றம் போக மாட்டார்கள். போனாலும் மனு நிற்காது. வித்தியாசத்தைவிடத் தள்ளுபடி அதிகம் என்றால் கதை வேறு. ராதாபுரத்தில் வித்தியாசம் 49, தள்ளுபடியான தபால் வாக்கு 203. வழக்கின் உயிர்நாடி இந்த இரண்டு எண்கள்தான்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 203-ம் செல்லும் என்று வைத்து, எல்லாம் இந்த இருவருக்கே விழுந்திருந்தால், அப்பாவு 126, இன்பதுரை 77 என்று பிரிந்தால் மொத்தம் சமம். 127-க்கு 76 என்றால் முடிவு மாறும். அதாவது நூற்றுக்கு 63 அளவுக்கு ஒரு பக்கம் சாய வேண்டும். நடக்கவே நடக்காது என்று சொல்ல முடியாது, கட்டாயம் நடந்திருக்கும் என்றும் சொல்ல முடியாது. இரு தரப்பு ஆதரவாளர்களும் அடித்துச் சொல்வதை இந்த இடத்தில் ஒதுக்கி வைப்பது நல்லது. வாக்கு சமமானால் சட்டப்படி சீட்டுக் குலுக்கல். குலுக்கலில் பெயர் வந்தவருக்கு ஒரு வாக்கு கூடுதலாகக் கிடைத்ததாகக் கொள்வார்கள்.

## தபால் வாக்கு உறைக்குள் என்ன இருக்கிறது

2016-இல் இன்றைய தென்காசி மாவட்டமும் திருநெல்வேலி மாவட்டத்துக்குள்தான் இருந்தது. சங்கரன்கோவில் முதல் ராதாபுரம் வரை பத்துத் தொகுதிகள். பணகுடி ஆசிரியருக்குச் சங்கரன்கோவில் பக்கம் ஒரு வாக்குச்சாவடியில் பணி விழலாம். வாக்குப்பதிவு நாளன்று அவர் சொந்த ஊருக்கு வந்து பொத்தானை அமுக்க வழியில்லை. அவருக்காகத்தான் தபால் வாக்கு. ஆசிரியர், அரசு ஊழியர், காவலர் எல்லோரும் இதில் வருவார்கள்.

படிவம் 12-இல் விண்ணப்பித்தால் அவர் கைக்கு நான்கு பொருள் வரும்:

1. வாக்குச்சீட்டு. வரிசை எண்ணோடு இருக்கும்.
2. படிவம் 13ஏ. இது உறுதிமொழித் தாள். "இந்த எண்ணுள்ள வாக்குச்சீட்டு எனக்கு வந்தது, நான்தான் அந்த வாக்காளர்" என்று கையெழுத்திட வேண்டும். தாளின் கீழ்ப்பாதியில், அந்தக் கையெழுத்து தன் முன்னால் இடப்பட்டது, ஆளைத் தனக்குத் தெரியும் என்று ஓர் அலுவலர் சான்றொப்பம் இட வேண்டும். பதவி, முகவரி, தேதி எழுத வேண்டும்.
3. படிவம் 13பி. உள் உறை. வாக்குச்சீட்டு மட்டும் இதற்குள். உறையின் மேல் சீட்டின் வரிசை எண்ணை எழுத வேண்டும்.
4. படிவம் 13சி. வெளி உறை. ஒட்டிய உள் உறையும், தனியாக 13ஏ தாளும் இதற்குள்.

இந்த அடுக்கில் ஒரு நியாயம் இருக்கிறது. யார் வாக்களித்தார் என்பது 13ஏ-யில் தெரியும். யாருக்கு வாக்களித்தார் என்பது 13பி-க்குள் மூடிக்கிடக்கும். இரண்டையும் பிரித்த பிறகுதான் சீட்டை எடுப்பார்கள். தகுதியைச் சோதிக்கும்போது ரகசியம் வெளிவராது, சீட்டை எண்ணும்போது ஆள் யாரென்று தெரியாது.

தவறு நடப்பதும் இதே அடுக்கில்தான். 13ஏ தாளையும் உள் உறைக்குள்ளேயே போட்டு ஒட்டிவிடுவது முதன்மையான தவறு. வெளி உறையைத் திறந்ததும் உறுதிமொழித் தாள் இல்லையென்றால் உள் உறையைத் திறக்கக் கூடாது, வாக்கு போயிற்று. உறை மேல் எழுதிய எண்ணும் 13ஏ-யில் எழுதிய எண்ணும் ஒத்துப்போகாமல் இருப்பது அடுத்தது. எண்ணை அவசரத்தில் மாற்றி எழுதுவது சாதாரணமாக நடக்கும். சீட்டிலேயே கையெழுத்துப் போட்டு ஆளை அடையாளம் காட்டிவிடுவது மூன்றாவது. இந்த மூன்றும் வாக்காளர் கையிலேயே தடுக்கக்கூடியவை. ராதாபுரத்தில் சிக்கியது வேறு: சான்றொப்பம்.

## யார் சான்றொப்பம் இடலாம்?

1961-ஆம் ஆண்டு தேர்தல் நடத்தை விதிகளில் 24-ஆவது விதி இதைச் சொல்கிறது. தேர்தல் பணியில் உள்ள வாக்காளருக்கு முக்கியமாக இருவரில் ஒருவர் சான்றளிக்கலாம். ஒன்று, அரசிதழ் பதிவு பெற்ற அலுவலர். இரண்டு, அவர் பணிபுரியும் வாக்குச்சாவடியின் தலைமை அலுவலர். படைவீரர்களுக்கும் வேறு சில பிரிவினருக்கும் வேறு அலுவலர்கள். இங்கே அது வேண்டாம்.

நம் ஊரில் அரசிதழ் பதிவு பெற்ற அலுவலரை "பச்சை மையில் கையெழுத்துப் போடுகிறவர்" என்றுதான் அடையாளம் சொல்வோம். மையின் நிறத்துக்கு இந்த விதியில் இடமில்லை. பதவியின் தகுதிதான் கேள்வி. அந்தத் தகுதியைக் கண்டுபிடிப்பது சில பதவிகளில் சிக்கல். தலைமையாசிரியர் என்ற ஒரே பெயருக்குள் தொடக்கப் பள்ளி, நடுநிலைப் பள்ளி, உயர்நிலைப் பள்ளி, மேல்நிலைப் பள்ளி என்று நான்கு படிநிலை இருக்கிறது. பணி விதியும் ஊதிய நிலையும் ஒன்றல்ல. 13ஏ தாளில் வெறுமனே "தலைமையாசிரியர்" என்று எழுதி முத்திரை குத்தினால், எண்ணும் மேஜையில் இருப்பவர் எந்த நிலை என்று தேட வேண்டும். அந்த நேரத்தில் அவரிடம் பணிப் பதிவேடு இருக்காது.

ராதாபுரத்தில் 203 தாள்களில் சான்றொப்பம் இட்டவர்கள் பள்ளித் தலைமையாசிரியர்கள். அவர்கள் சான்றளிக்கத் தகுதி பெற்ற அலுவலர்கள் அல்ல என்று கூறித் தேர்தல் நடத்தும் அலுவலர் அவற்றைத் தள்ளினார். தகுதி பெற்றவர்களே, தள்ளியது தவறு என்பது அப்பாவு தரப்பு வாதம்.

இதில் வருத்தத்துக்குரிய ஒன்று உண்டு. அந்த 203 வாக்காளர்களும் தேர்தலை நடத்திக் கொடுத்தவர்கள். பயிற்சி வகுப்புக்கும் சாவடிக்கும் அலைந்து, கிடைத்த நேரத்தில் தெரிந்த தலைமையாசிரியரிடம் கையெழுத்து வாங்கியவர்கள். யாரிடம் வாங்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெளிவாகச் சொல்லியிருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது.

## எண்ணும் மேஜையில் நடப்பது

விதி 54ஏ-வின்படி தபால் வாக்கில்தான் எண்ணிக்கை தொடங்க வேண்டும். வரிசை இப்படிப் போகும்:

1. எண்ணிக்கை தொடங்கக் குறித்த நேரத்துக்குப் பிறகு வந்த உறைகளைத் திறப்பதில்லை.
2. வெளி உறையைத் திறந்து, முதலில் 13ஏ தாளைப் பார்ப்பார்கள். தாள் இல்லை, கையெழுத்தோ சான்றொப்பமோ முறையாக இல்லை, பெருங்குறை இருக்கிறது, அல்லது எண் மாறுகிறது என்றால், உள் உறையைத் திறக்காமலேயே "நிராகரிக்கப்பட்டது" என்று அதன் மேல் எழுதுவார்கள்.
3. அப்படித் தள்ளிய உள் உறையையும் 13ஏ தாளையும் மறுபடி அதே வெளி உறைக்குள் வைத்து, எல்லாவற்றையும் தனிக் கட்டாகக் கட்டி முத்திரை வைப்பார்கள்.
4. தேறியவற்றின் 13ஏ தாள்களைத் தனியே கட்டி முத்திரை வைத்த பிறகுதான் உள் உறைகளைத் திறந்து சீட்டுகளை எண்ணுவார்கள்.

மூன்றாவது படியைக் கவனியுங்கள். சான்றொப்பக் குறையால் தள்ளப்பட்ட வாக்கின் உள் உறை விதிப்படி திறக்கப்படுவதே இல்லை. தள்ளியவருக்கும் அது யாருக்கு விழுந்த வாக்கு என்று தெரியாது. மூன்று ஆண்டு கழித்தும் நீதிமன்றம் அதை எடுத்து எண்ண முடிந்ததற்குக் காரணமும் இதுதான். தாளும் உறையும் ஜோடியாக, ஒட்டியபடியே கிடக்கும்.

## 19, 20, 21-ஆம் சுற்றுகள்

வழக்கில் இன்னொரு பாதி உண்டு. கடைசி மூன்று சுற்று எண்ணிக்கையில் முறைகேடு நடந்தது, தன்னை வெளியேற்றிவிட்டு எண்ணினார்கள் என்று அப்பாவு குற்றம்சாட்டினார்.

ஒரு சுற்று என்பது ஒரே நேரத்தில் மேஜைக்கு ஒரு வாக்குச்சாவடியின் இயந்திரம். பொதுவாக 14 மேஜை போடுவார்கள். ஆக மூன்று சுற்று என்பது அதிகபட்சம் 42 சாவடிகள். கடைசிச் சுற்றில் மேஜை நிறையாது என்பதால் அதைவிடக் குறையும்.

இயந்திரத்தில் மறு எண்ணிக்கை என்றால் கட்டுப்பாட்டுக் கருவியின் முடிவுப் பொத்தானை மறுபடி அமுக்கிப் பார்ப்பது. கருவி காட்டும் எண் மாறாது. அப்படியென்றால் தவறு எங்கே நுழையும்? கருவி காட்டியதை, சாவடியின் வாக்குக் கணக்குத் தாளான படிவம் 17சி-யின் இரண்டாம் பகுதியில் எழுதும்போது. அங்கிருந்து சுற்று வாரிப் பட்டியலுக்கு ஏற்றும்போது. கடைசியில் இறுதி முடிவுத் தாளான படிவம் 20-இல் கூட்டும்போது. 386-ஐ 368 என்று எழுதினால் 18 வாக்கு. வித்தியாசம் 49 என்னும்போது அப்படி மூன்று பிழை போதும். வேட்பாளரின் முகவர் மேஜையில் உட்கார்ந்து தன் தாளில் தனியே குறித்துக்கொள்வது இதற்காகத்தான். அவர் அங்கே இல்லாத சுற்றுகளை ஒப்பிட்டுப் பார்க்கத் தாள் இருக்காது.

ஆனாலும் இரண்டையும் ஒரே எடையில் வைக்க முடியாது. இயந்திரச் சுற்றில் கேள்வி எண் சரியா என்பது. கருவியைத் திறந்தால் தீரும். தபால் வாக்கில் கேள்வி ஓர் அலுவலரின் முடிவு சட்டப்படி சரியா என்பது. வழக்கின் கனம் தபால் வாக்கில்தான் இருந்தது.

## வழக்கு போன வழி

சட்டமன்றத் தேர்தல் முடிவைச் சாதாரண ரிட் மனுவால் கேள்வி கேட்க முடியாது. 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி தேர்தல் மனு ஒன்றுதான் வழி. அதன் முக்கியமான நிபந்தனைகள்:

- முடிவு அறிவித்த நாளிலிருந்து 45 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். ஒரு நாள் தாண்டினாலும் மனு விழுந்துவிடும்.
- நீதிமன்றச் செலவுக்குப் பிணையாக 2,000 ரூபாய் கட்ட வேண்டும்.
- எந்தெந்த வாக்கு, எந்தக் காரணத்தால் தவறாகத் தள்ளப்பட்டது என்ற அடிப்படை உண்மைகளை மனுவிலேயே சொல்ல வேண்டும். "எண்ணிப் பார்த்தால் தெரியும்" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லும் மனுவை நீதிமன்றம் ஏற்காது.
- வாக்கு தவறாகத் தள்ளப்பட்டது என்று காட்டினால் மட்டும் போதாது. அதனால் முடிவே பாதிக்கப்பட்டது என்று காட்ட வேண்டும். பிரிவு 100 இதைத்தான் கேட்கிறது.

மறு எண்ணிக்கைக்கு நீதிமன்றங்கள் எளிதில் இறங்காததற்குக் காரணம் வாக்கின் ரகசியம். தோற்றவர் கேட்டபோதெல்லாம் கட்டைப் பிரித்தால் அந்தப் பாதுகாப்பு தேய்ந்துபோகும். ஆகவே முதலில் சாட்சி, ஆவணம், குறுக்கு விசாரணை எல்லாம் நடந்து முகாந்திரம் தெரிந்தால்தான் கட்டைத் திறப்பார்கள்.

இன்னொரு விதியும் கவனிக்கத் தக்கது. மனுதாரர் "அவர் தேர்வு செல்லாது" என்பதோடு நிற்காமல் "என்னை வென்றவராக அறிவியுங்கள்" என்றும் கேட்டால், வென்றவருக்குப் பதில் புகார் உரிமை உண்டு. மனுதாரருக்கு எண்ணப்பட்ட வாக்குகளில் செல்லாதவை எவை என்று அவரும் காட்டலாம். பிரிவு 97 தரும் இந்த உரிமையைப் பலர் மறந்துவிடுவார்கள். 49 வாக்கு வித்தியாசத்தில் இரு பக்கமும் கத்தி இருக்கிறது.

தேர்தல் வழக்கை ஆறு மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்று பிரிவு 86 சொல்கிறது. "முயல வேண்டும்" என்பதுதான் சட்டத்தின் வார்த்தை. தாண்டினால் என்ன ஆகும் என்று அது சொல்லவில்லை. ராதாபுரம் வழக்கில் உயர் நீதிமன்ற உத்தரவு வந்தது 2019 அக்டோபர் 1 அன்று. தேர்தல் முடிந்து மூன்று ஆண்டு நான்கு மாதம் ஆகியிருந்தது. நீதிபதி ஜி. ஜெயச்சந்திரன் தபால் வாக்குகளையும் 19, 20, 21-ஆம் சுற்று வாக்குகளையும் மறுபடி எண்ணச் சொன்னார்.

## எண்ணிய பிறகும் முடிவு வெளிவராதது ஏன்?

பலருக்குக் குழப்பம் இங்கேதான்.

உயர் நீதிமன்றம் சொன்னது "இன்பதுரை தோற்றார்" என்றல்ல, "எண்ணிப் பாருங்கள்" என்றுதான். மறு எண்ணிக்கை என்பது தீர்ப்புக்கு முந்தைய படி. எண்ணிய கணக்கு நீதிபதி முன் வந்து, பதில் புகார் ஏதும் இருந்தால் அதையும் பார்த்து, அதன் பிறகே தேர்வு செல்லுமா செல்லாதா என்ற தீர்ப்பு.

அந்த உத்தரவை எதிர்த்து இன்பதுரை உச்ச நீதிமன்றம் போனார். அக்டோபர் 4 அன்று இரண்டும் ஒரே நாளில் நடந்தன. சென்னையில் உயர் நீதிமன்ற வளாகத்தில் எண்ணிக்கை. டெல்லியில், முடிவை வெளியிடக் கூடாது என்று உச்ச நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவு. எண்ணுவதற்குத் தடை வரவில்லை, அறிவிப்பதற்குத்தான் வந்தது. அதனால் எண்ணிக்கை முடிந்து, கணக்கு முத்திரையிட்ட உறைக்குள் போனது. தடை பிறகு நீட்டிக்கப்பட்டது. 2021 ஏப்ரல் 6 அன்று அடுத்த தேர்தல் வந்தபோதும் அந்த உறை பொதுவெளிக்குத் திறக்கப்படவில்லை.

ஆகவே "மறு எண்ணிக்கையில் அப்பாவு வென்றார்" என்று எழுதுவதும் தவறு, "மறு எண்ணிக்கையிலும் இன்பதுரையே வென்றார்" என்று எழுதுவதும் தவறு. அதிகாரபூர்வப் பதிவில் 15-ஆவது சட்டமன்றத்துக்கு ராதாபுரம் உறுப்பினர் இன்பதுரை. பதவிக்காலம் முழுக்க அவரே.

ஒருவேளை தீர்ப்பு எதிராக வந்திருந்தால் அதுவரை அவர் அவையில் அளித்த வாக்குகள் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. தேர்வு செல்லாது என்று பின்னால் தீர்ப்பு வந்தாலும், அதற்கு முன் உறுப்பினர் அவை நடவடிக்கையில் பங்கேற்றது செல்லாமல் போகாது என்று பிரிவு 107 சொல்கிறது. 2017 பிப்ரவரி 18 அன்று எடப்பாடி பழனிசாமி அரசு 122-க்கு 11 என்று வென்ற நம்பிக்கை வாக்கெடுப்பு போன்றவற்றை எந்தத் தேர்தல் வழக்கும் பின்னோக்கிப் போய்த் தொடாது.

2021-இல் அதே இருவர் மறுபடி மோதினார்கள். இந்த முறை அப்பாவு 5,925 வாக்கில் வென்றார். மே 12 அன்று பேரவைத் தலைவராகப் போட்டியின்றித் தேர்வானார். சேரன்மகாதேவியின் பி.எச். பாண்டியன், அம்பாசமுத்திரத்தின் ஆவுடையப்பன் இருவரும் அமர்ந்த நாற்காலி அது. நெல்லைச் சீமைக்குப் புதிதல்ல. இன்பதுரை 2025-இல் அ.தி.மு.க. சார்பில் மாநிலங்களவைக்குப் போனார். இருவர் வாழ்வும் நகர்ந்துவிட்டது. தலைமையாசிரியர் சான்றொப்பம் பற்றிய கேள்விக்கு மட்டும் அந்தப் பதவிக்காலத்துக்குள் இறுதி விடை கிடைக்கவில்லை. எனக்கு இதில் பெரிய குறையாகப் படுவது யார் வென்றார் என்பதல்ல. ஐந்தாண்டுப் பதவி பற்றிய வழக்கு ஐந்தாண்டுக்குள் முடியவில்லை என்பது.

## ராதாபுரம் மட்டுமல்ல

பக்கத்திலேயே இரண்டு உதாரணம் இருக்கிறது.

சேரன்மகாதேவி, 2006. காங்கிரசின் வேல்துரையிடம் தோற்ற பால் மனோஜ் பாண்டியன் தேர்தல் மனு போட்டார். காரணம் வாக்கு எண்ணிக்கை அல்ல. வேல்துரைக்கு அரசு ஒப்பந்தப் பணிகள் அப்போது நடப்பில் இருந்தன, ஆகவே போட்டியிடவே தகுதியில்லை என்பது. உச்ச நீதிமன்றம் அதை ஏற்று 2011 ஏப்ரலில் தேர்வு செல்லாது என்றது. அதாவது அடுத்த தேர்தல் நடந்த அதே மாதத்தில். தொகுதிச் சீரமைப்பில் சேரன்மகாதேவி என்ற தொகுதியே மறைந்திருந்தது. வேல்துரை அப்போது நின்ற தொகுதி? ராதாபுரம்தான், மைக்கேல் ராயப்பனிடம் தோற்றவர் அவர்.

தென்காசி, 2021. காங்கிரசின் பழனி நாடார் 370 வாக்கில் அ.தி.மு.க.வின் செல்வமோகன்தாஸ் பாண்டியனை வென்றார். தபால் வாக்குகளை மறுபடி எண்ண உயர் நீதிமன்றம் உத்தரவிட்டு, 2023 ஜூலையில் தென்காசியிலேயே எண்ணினார்கள். முடிவும் வெளிவந்தது, பழனி நாடார் வெற்றி நின்றது. பதவிக்காலத்தின் நடுவிலேயே கேள்வி தீர்ந்தது. இரு தரப்புக்கும், அதைவிட வாக்காளருக்கும், இது எவ்வளவோ மேல்.

வெளியே பார்த்தால் குஜராத்தின் தோல்கா. 2017-இல் அமைச்சர் பூபேந்திரசிங் சூடாசமா 327 வாக்கில் வென்றார். தள்ளப்பட்ட தபால் வாக்கு 429. 2020 மே மாதம் குஜராத் உயர் நீதிமன்றம் தேர்வு செல்லாது என்றது, சில நாளிலேயே உச்ச நீதிமன்றம் தடை கொடுத்தது. எண்கள் மாறினாலும் வடிவம் ராதாபுரம் போலவே இருக்கிறது.

## நடைமுறையில் என்ன மாறியது

வாக்கைத் தள்ளும் காரணங்களைத் தேர்தல் ஆணையம் படிப்படியாகச் சுருக்கியிருக்கிறது. சான்றளித்தவரின் பெயரும் பதவியும் முழுமையாக இருந்தால், முத்திரை இல்லை என்பதற்காக மட்டும் தள்ளக் கூடாது. வெளி உறையில் வாக்காளர் கையெழுத்து விடுபட்டாலும் 13ஏ மூலம் ஆளை அறிய முடிந்தால் போதும்.

வெற்றி வித்தியாசம், செல்லாதவை என்று தள்ளிய தபால் வாக்குகளின் எண்ணிக்கையைவிடக் குறைவாக இருந்தால், முடிவு அறிவிக்கும் முன் தள்ளியவை அனைத்தையும் தேர்தல் நடத்தும் அலுவலர் மறுபடி சரிபார்க்க வேண்டும்; அதை வீடியோவில் பதிய வேண்டும் என்பது இப்போதைய அறிவுரை. 49-ம் 203-ம் எதிர்ப்படும் இடத்தில் இது தானாகவே நடந்தாக வேண்டும், யாரும் கேட்க வேண்டியதில்லை.

தேர்தல் பணியாளர்கள் இப்போது வாக்காளர் உதவி மையத்திலேயே சீட்டை வாங்கி, அங்கேயே வாக்களித்து, அங்கேயே பெட்டியில் போட வேண்டும். சான்றொப்பமிடத் தகுதியுள்ள அலுவலரை அங்கேயே உட்கார வைக்கிறார்கள். தெரிந்த தலைமையாசிரியரைத் தேடி அலையும் வேலை இதனால் போயிற்று. ராதாபுரத்துச் சிக்கலுக்குச் சரியான மருந்து இந்த மாற்றம்தான் என்று நினைக்கிறேன். வேறு எந்தத் திருத்தமும் இதற்கு ஈடில்லை. 2025 செப்டம்பரில் இன்னொன்றும் சேர்ந்தது: தபால் வாக்கு எண்ணி முடிக்காமல் இயந்திர எண்ணிக்கையின் கடைசிக்கு முந்தைய சுற்றைத் தொடங்கக் கூடாது.

வேட்பாளரின் முகவர் செய்ய வேண்டிய வேலை மட்டும் மாறவில்லை:

1. தபால் வாக்கு மேஜைக்கு விதி தெரிந்த ஆளை அனுப்புங்கள். கட்சியில் மூத்தவர், வாய் பலமுள்ளவர் என்று பார்த்து அனுப்புவதால் பயனில்லை.
2. தள்ளும் ஒவ்வொரு உறைக்கும் காரணத்தைக் குறியுங்கள். "சான்றொப்பம்" என்று மட்டும் எழுதாமல், சான்றளித்தவரின் பதவி என்ன என்று எழுதுங்கள். 45 நாளில் எழுத வேண்டிய மனுவுக்கு அடிப்படை உண்மை இந்தத் தாள்தான்.
3. ஒவ்வொரு சாவடியின் 17சி நகலையும் கட்டாக வைத்துக்கொண்டு, கருவி காட்டும் மொத்தத்தோடு ஒப்பிடுங்கள்.
4. மறு எண்ணிக்கை வேண்டுமென்றால் விதி 63-இன்படி எழுத்தில் கேட்க வேண்டும். மொத்த வாக்கு அறிவித்த பிறகு, படிவம் 20-இல் தேர்தல் நடத்தும் அலுவலர் கையெழுத்துப் போடும் முன். அந்த இடைவெளி சில நிமிடங்கள்தான். வேட்பாளரோ தலைமை முகவரோ அங்கே இல்லையென்றால் எண்ணும் முகவரே கேட்கலாம்.
5. அலுவலர் மறுத்தால் காரணத்தை எழுத்தில் பெறுங்கள். மறுப்பதாக இருந்தால் காரணம் எழுத வேண்டும் என்பது விதி. வாய்மொழி மறுப்பை வாங்கிக்கொண்டு வெளியே வந்து பேட்டி கொடுப்பதால் ஒரு வாக்கும் திரும்பி வராது. அந்த எழுத்துத் தாளோடு வந்தால் நீதிமன்றத்தில் அதுதான் முதல் ஆவணம்.